பருத்திக் காட்டுக்கு வந்த குட்டி ரயில்

ரயில் பாதையின் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே உள்ள தூரம் எவ்வளவு என்று கேட்டால் உங்களில் பலர் உடனே விடை சொல்லிவிடுவீர்கள். அகலப் பாதையானால் 1,676 மில்லிமீட்டர். மீட்டர் பாதையானால் 1,000 மில்லிமீட்டர். ஆனால் அந்தப் பாதையில் ஓடும் வண்டியின் ஒவ்வோர் அச்சும் எத்தனை டன் பாரத்தைத் தண்டவாளத்தின் மேல் இறக்கலாம் என்று கேட்டால்? பெரும்பாலோர் விழிப்பீர்கள். ஒரு பாதையைப் போட என்ன செலவாகும், அது எந்த ஊர் வரை போகும், எவ்வளவு சரக்கைச் சுமக்கும் என்பனவற்றைத் தீர்மானிப்பதில் இந்த இரண்டாவது எண்ணுக்குப் பெரும் பங்கு உண்டு. இதற்கு 'அச்சுச் சுமை' என்று பெயர்.

இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு ஒரு பொறியாளர் கட்டிய ரயில் பாதையின் கதையைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம். மகாராஷ்டிர மாநிலத்தின் சோலாப்பூர் மாவட்டத்தில் பார்சி என்று ஓர் ஊர் இருக்கிறது. பருத்தியும் எண்ணெய் வித்துகளும் தானியமும் விற்கும் சந்தை ஊர். அதற்காகப் போடப்பட்டதுதான் பார்சி லைட் ரயில்வே. 'லைட்' என்றால் இங்கே எடை குறைந்தது என்று பொருள்.

ரயில் வந்தும் எட்டாத ஊர்கள்

பம்பாயிலிருந்து தென்கிழக்காக வந்த அகல ரயில் பாதை, 1871-ஆம் ஆண்டில் ராய்ச்சூரில் சென்னையிலிருந்து வந்த பாதையோடு இணைந்தது. சோலாப்பூர் வழியாகத்தான் அந்தப் பாதை போயிற்று. ஆனால் பார்சி, பாதையிலிருந்து 30 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருந்தது. பார்சிக்கு அப்பால் உள்ள ஊர்களோ இன்னும் தொலைவு.

இந்தத் தொலைவைக் கடக்க மாட்டு வண்டியை விட்டால் வேறு வழியில்லை. தக்காணத்தின் அந்தப் பகுதியில் கரிசல் மண் அதிகம். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். மழை பெய்தாலோ நீரை உறிஞ்சி உப்பிச் சேறாகி, வண்டிச் சக்கரத்தைக் குடம் வரைக்கும் பிடித்துக்கொள்ளும்.

இதன் கொடுமை 1876 முதல் 1878 வரை நிலவிய பெரும் பஞ்சத்தில் தெரிந்தது. நம் பாட்டன்மார் 'தாது வருஷப் பஞ்சம்' என்று சொல்லிவந்தார்களே, அதே பஞ்சம்தான். தமிழகத்தைப் போலவே தக்காணத்தையும் அது சூறையாடியது. பல இலட்சம் மக்கள் மாண்டார்கள். ரயில் நிலையங்களுக்குத் தானிய மூட்டைகள் வந்தன. ஆனால் நிலையத்திலிருந்து உள்ளூர்களுக்கு அவற்றை இழுத்துச் செல்ல மாடுகள் வேண்டுமே! தீவனமும் தண்ணீரும் இல்லாமல் மனிதருக்கு முன்பே மாடுகள் செத்து விழுந்தன.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். ரயில் தானியத்தைக் கொண்டுவரவும் செய்யும், கொண்டுபோகவும் செய்யும். பஞ்ச காலத்திலும் அதிக விலை கிடைக்கும் இடத்தை நோக்கித் தானியம் ரயிலேறிப் போனது என்பதையும் வரலாற்று ஆசிரியர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். பாதை எந்தப் பக்கமும் போகும். எதை எந்தப் பக்கம் அனுப்புவது என்று முடிவு செய்வது மனிதர்கள்தாம்.

கால்த்ராப் கேட்ட கேள்வி

எவரார்ட் கால்த்ராப் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1857-இல் பிறந்தவர். 1882-இல் இந்தியாவுக்கு வந்து, பம்பாய்ப் பக்கத்து ரயில் கம்பெனியாகிய 'கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வே'யில் எஞ்சின் ஆய்வாளராகச் சேர்ந்தார். பெரிய பாதைக்குப் பக்கத்தில் கிடக்கும் சிற்றூர்களை அதனோடு இணைக்கக் குறைந்த செலவில் கிளைப் பாதைகள் போட முடியுமா என்பதுதான் அவரை ஆட்டிப் படைத்த கேள்வி.

பெரிய பாதையைப் போலவே ஒன்றைப் பார்சிக்குப் போட்டால், அங்கே கிடைக்கும் சரக்குக் கூலி செலவுக்குக் கட்டுப்படியாகாது. மிகச் சிறிய விளையாட்டு ரயில் போன்ற ஒன்றைப் போட்டாலோ, பருத்திப் பொதிகளையும் தானிய மூட்டைகளையும் ஏற்றிச் செல்லப் போதாது. செலவு குறைய வேண்டும். சுமக்கும் திறன் குறையக் கூடாது. இரண்டையும் எப்படி ஒன்று சேர்ப்பது?

வாய்க்கால் மேல் ஒரு பலகை

ஒரு வாய்க்காலின் குறுக்கே பலகை போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் ஒரே சமயத்தில் ஒருவர்தாம் போகலாம். பத்துப் பேர் ஒருவர் பின் ஒருவராகப் போனால் பலகைக்கு ஒன்றும் ஆகாது. நூறு பேர் போனாலும் ஆகாது. ஆனால் அவர்களுள் ஒருவர் மட்டும் மிகவும் பருமனாக இருந்தால்? அந்த ஒருவருக்காகத் தடித்த பலகை தேடியாக வேண்டும். மற்ற தொண்ணூற்றொன்பது பேருக்கும் அந்தத் தடிப்பு வீண்.

தண்டவாளமும் இப்படித்தான். அடுத்தடுத்த இரண்டு குறுக்குக் கட்டைகளின் மேல் கிடக்கும் ஒரு பலகை போன்றது அது. ஒரு சக்கரம் நடுவே வரும்போது அது சற்றே வளைகிறது. சக்கரம் கடந்ததும் நிமிர்கிறது. ரயிலின் மொத்த எடை எவ்வளவு என்பது அந்தத் துண்டுக்குத் தெரியாது. தன் மேல் அப்போது நிற்கும் அச்சின் சுமை மட்டுமே அதற்குத் தெரியும்.

அந்தக் காலத்தில் பொதுவாக ரயில் வண்டிகளில் எஞ்சினின் அச்சுகள் கனத்தவை. பெட்டிகளின் அச்சுகள் அவற்றைவிட இலேசானவை. ஆகவே எஞ்சினுக்காகத் தடித்த தண்டவாளம் போட வேண்டியிருக்கும். பின்னால் வரும் பெட்டிகள் அந்த வலிமையை முழுதும் பயன்படுத்தாமல் ஓடும். கால்த்ராப் இந்த வீணைக் கண்டார். எஞ்சினாக இருந்தாலும் சரி, சரக்குப் பெட்டியாக இருந்தாலும் சரி, எல்லா அச்சுகளின் உச்ச வரம்பும் ஒன்றாகவே இருக்கட்டும் என்று முடிவு செய்தார். அவர் தேர்ந்தெடுத்த எண் 5 டன்.

சப்பரம் தூக்கும் கணக்கு

ஓர் எஞ்சினின் எடையை எல்லா அச்சுகளுக்கும் ஒழுங்காகப் பங்கிடுவது எளிதா? கோயில் திருவிழாவில் சப்பரம் தூக்குவதைப் பார்த்திருப்பீர்கள். தூக்குவோர் எல்லாரும் ஒரே உயரமாக இருந்தால் பாரம் சமமாகப் பிரியும். ஒருவர் மட்டும் நெட்டையாக இருந்துவிட்டால் அவர் தோளில்தான் பெரும்பாரம் இறங்கும். குட்டையானவர் தோளில் தண்டு பட்டும் படாமலும் இருக்கும்.

ரயில் எஞ்சினிலும் ஒரு சக்கரத்தின் கீழே பாதை சற்று மேடாக இருந்தால் இதே தொல்லைதான். விற்சுருள்களையும், அச்சுகளை ஒன்றோடொன்று இணைக்கும் நெம்புகோல்களையும் அமைத்துத்தான் எஞ்சின் கட்டுவோர் பாரத்தைப் பகிர்ந்துவிடுகிறார்கள். பார்சிப் பாதைக்கான முதல் எஞ்சின்களை இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் இருந்த கிட்சன் கம்பெனி செய்தது. இழுக்கும் சக்கரங்கள் எட்டு. பாரம் தாங்குவதற்குப் பின்புறம் சிறிய சக்கரங்கள் நான்கு. ஆக ஆறு அச்சுகள். எடை ஆறாகப் பிரிந்ததால் எஞ்சின் வலுவாகவும் இருந்தது; பாதையை நசுக்காமலும் இருந்தது.

இதன் பயனைக் கணக்கிட்டுப் பாருங்கள். பார்சிப் பாதையின் தண்டவாளம் ஒரு கஜத்துக்கு 30 பவுண்டு, அதாவது மீட்டருக்கு ஏறத்தாழ 15 கிலோகிராம் எடை உள்ளது. ஒரு கிலோமீட்டர் பாதைக்கு இரண்டு வரிசைத் தண்டவாளம். ஆகவே தேவைப்படும் எஃகு சுமார் 30 டன். இன்று நம் முக்கியப் பாதைகளில் மீட்டருக்கு 60 கிலோகிராம் எடையுள்ள தண்டவாளம் போடுகிறார்கள். அதற்குக் கிலோமீட்டருக்கு 120 டன் எஃகு வேண்டும். நான்கு மடங்கு!

மடித்த தகடு

அச்சுக்கு 5 டன் என்றால் நான்கு அச்சுகள் கொண்ட சரக்குப் பெட்டியின் மொத்த எடை 20 டன்னைத் தாண்டக் கூடாது. இந்த 20 டன்னில் பெட்டியின் சொந்த எடையும் அடக்கம். பெட்டியே 8 டன் இருந்தால் சரக்குக்கு மிஞ்சுவது 12 டன். பெட்டியை 5 டன்னில் செய்ய முடிந்தால் 15 டன் சரக்கு ஏற்றலாம். பெட்டியில் குறையும் ஒவ்வொரு கிலோவும் விவசாயியின் மூட்டைக்குக் கிடைக்கும் இடம்.

இதற்குக் கால்த்ராப் கையாண்ட வழி, அழுத்தி வார்ப்படுத்திய எஃகுத் தகடுகளால் பெட்டியின் அடிச்சட்டத்தைச் செய்வது. தகட்டைச் சூடாக்கிப் பெரிய அழுத்து எந்திரத்தில் வைத்து ஓரங்களை மடித்துவிடுவார்கள். மெல்லிய தகடு எப்படிப் பாரம் தாங்கும் என்று ஐயமா? ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். ஒரு தாளை எடுத்து இரண்டு புத்தகங்களுக்கு இடையே பாலம் போல வையுங்கள். நடுவே ஒரு நாணயம் வைத்தால் தாள் தொய்ந்துவிடும். இப்போது அதே தாளின் நீண்ட ஓரங்கள் இரண்டையும் ஒரு விரற்கடை அளவு மேல்நோக்கி மடித்து மறுபடியும் வையுங்கள். பல நாணயங்களைத் தாங்குகிறதே! தாளின் எடை கூடவில்லை, வடிவம்தான் மாறியது.

வளைவில் ஒரு வேடிக்கை

பார்சிப் பாதையின் அகலம் 762 மில்லிமீட்டர், அதாவது இரண்டரை அடி. இந்தக் குறுகிய அளவால் என்ன பயன்? ரயில் வளைவில் திரும்பும்போது வெளிப்புறத் தண்டவாளம் உட்புறத்தைவிட நீளமாக இருக்கும். ஒரு கால் வட்டம் திரும்பினால், அகலப் பாதையில் இந்த வேறுபாடு சுமார் 2.63 மீட்டர். 762 மில்லிமீட்டர் பாதையில் சுமார் 1.20 மீட்டர்தான். வளைவு பெரிதானாலும் சிறிதானாலும் இந்த எண்கள் மாறா என்பது வேடிக்கை. பாதையின் அகலத்தை 1.57-ஆல் பெருக்கிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ரயிலின் இரண்டு சக்கரங்களும் ஒரே அச்சில் இறுகப் பொருத்தப்பட்டவை. ஒன்று வேகமாகவும் மற்றொன்று மெதுவாகவும் சுழல முடியாது. சக்கரங்கள் சற்றே கூம்பு வடிவாக இருப்பதால் இந்த நீள வேறுபாடு ஓரளவு சரிக்கட்டப்படுகிறது. மிஞ்சியதற்குச் சக்கரம் தண்டவாளத்தின் மேல் தேய்ந்து வழுக்கியாக வேண்டும். குறுகிய பாதையில் வேறுபாடு குறைவாதலால் கூர்மையான வளைவுகளும் போடலாம். மேட்டை வெட்டாமலும் பள்ளத்தை நிரப்பாமலும் சுற்றிக்கொண்டு போய்விடலாம். செலவு மேலும் குறையும்.

35 கிலோமீட்டர், பிறகு 325 கிலோமீட்டர்

கம்பெனி 1895-இல் தொடங்கப்பட்டது. வண்டிகளை இந்தியாவுக்கு அனுப்புமுன், லீட்ஸுக்கு அருகில் நியூலே என்ற இடத்தில் ஒரு சோதனைப் பாதை போட்டுப் பொறியாளர்களுக்கு ஓட்டிக் காட்டினார் கால்த்ராப். 1897-இல் பார்சிப் பாதை திறக்கப்பட்டது. அகலப் பாதையில் இருந்த பார்சி ரோடு நிலையத்திலிருந்து பார்சி ஊர் வரை சுமார் 35 கிலோமீட்டர். அந்தப் பார்சி ரோடுதான் பிற்காலத்தில் குர்துவாடி சந்திப்பு ஆயிற்று.

பாதை வளர்ந்தது. 1906-இல் தெற்கே பண்டரிபுரத்துக்குப் போயிற்று. விட்டலனைத் தரிசிக்கக் கால்நடையாக வரும் அடியார் கூட்டத்துக்கு ரயிலும் ஒரு வழியாயிற்று. 1911-இல் கிழக்கே லாத்தூரை எட்டியது. அப்போது லாத்தூர் ஐதராபாத் நிஜாமின் ஆட்சியில் இருந்தது. ரயில் வந்த பிறகு அது பெரிய வாணிக ஊராக வளர்ந்தது. இன்றும் துவரைக்குப் பேர்போன சந்தைகளுள் லாத்தூர் ஒன்று. 1927-இல் பாதை தென்மேற்கே மீரஜ் வரை நீண்டது. மொத்த நீளம் ஏறத்தாழ 325 கிலோமீட்டர். முதலில் போட்டதைப்போல் ஒன்பது மடங்குக்கும் மேல்!

கால்த்ராப் இதே அகலத்தில் இங்கிலாந்திலும் ஒரு பாதை அமைத்தார். ஸ்டாஃபோர்ட்ஷயர் பகுதியில், பால் பண்ணைகள் நிறைந்த பள்ளத்தாக்கில், 1904-இல் திறக்கப்பட்ட லீக் - மேனிஃபோல்டு பாதை அது. முக்கியமான சரக்கு பால். அந்தப் பாதை 1934-இல் மூடப்பட்டது.

இவர் ரயிலோடு நின்றுவிடவில்லை. இவருடைய நண்பர் சார்லஸ் ரோல்ஸ், 'ரோல்ஸ்-ராய்ஸ்' பெயரில் உள்ள ரோல்ஸ்தான், 1910-இல் விமான விபத்தில் இறந்தார். அதன் பின் விமானிகளின் உயிர் காக்கும் பாராசூட்டை உருவாக்குவதில் கால்த்ராப் முனைந்தார். அவருடைய பாராசூட்டுக்குக் 'கார்டியன் ஏஞ்சல்', காவல் தேவதை, என்று பெயர். முதல் உலகப் போரில் அது பயன்பட்டது. 1927-இல், பார்சிப் பாதை மீரஜை எட்டிய அதே ஆண்டில், அவர் காலமானார்.

சந்திப்பில் ஒரு தொல்லை

குட்டிப் பாதையின் குறை எங்கே வெளிப்பட்டது தெரியுமா? பாதை முடிந்து பெரிய பாதை தொடங்கும் இடத்தில்! 762 மில்லிமீட்டர் வண்டி 1,676 மில்லிமீட்டர் பாதையில் ஏறாதன்றோ? குர்துவாடியில் ஒவ்வொரு மூட்டையையும் இறக்கி மறுபடியும் ஏற்ற வேண்டும். பெட்டிக்கு 15 டன் வீதம் 20 பெட்டிகள் வந்தால் 300 டன். நூறு கிலோ மூட்டைகளாகக் கணக்கிட்டால் 3,000 மூட்டைகள். இத்தனையும் மனிதர் முதுகில்தான் இடம் மாறின. நேரமும் கூலியும் கூடின. சிந்திச் சிதறுவதும் உண்டு.

லீக் - மேனிஃபோல்டு பாதையில் கால்த்ராப் இதற்கு ஒரு விடை கண்டார். பெரிய பாதைப் பெட்டியை அப்படியே தூக்கிச் சுமக்கும் தாழ்வான குறும்பாதை வண்டி ஒன்றைச் செய்தார். ஆனால் நீண்ட பாதைகளுக்கும் மிகுந்த சரக்குக்கும் அது முழுத் தீர்வு ஆகாது.

1954-இல் பார்சி லைட் ரயில்வேயை அரசாங்கம் வாங்கி மத்திய ரயில்வேயோடு சேர்த்தது. 1970-களில் மீரஜ் ஒரு புதுமையான நிலையமாக விளங்கியது. அகலப் பாதை, மீட்டர் பாதை, குறும்பாதை ஆகிய மூன்றும் அங்கே சந்தித்தன. பார்க்க வேடிக்கைதான். சரக்கு அனுப்புவோருக்கோ மூன்று பூட்டுக்கு மூன்று சாவி தேடும் வேலை.

சாலைகள் சீரடைந்து லாரிகள் பெருகியபோது குட்டி ரயிலின் சரக்கு குறைந்தது. 2000-களின் தொடக்கத்தில் குர்துவாடி - பண்டரிபுரம் பகுதி அகலப் பாதையாக மாற்றப்பட்டது. 2008-இல் லாத்தூர் பகுதியும், அதன் பின் பண்டரிபுரம் - மீரஜ் பகுதியும் மாறின. சில இடங்களில் தடமும் மாற்றிப் போடப்பட்டது. 762 மில்லிமீட்டர் பாதை மறைந்தது.

மீரஜிலிருந்து வந்த தண்ணீர்

கதை இங்கே முடிந்துவிடவில்லை. 2016-ஆம் ஆண்டில் லாத்தூர் கடும் வறட்சியில் சிக்கியது. நகரத்துக்கு நீர் தந்த அணை வறண்டது. குடிநீருக்குக் கலவரம் நேரிடாமல் இருக்கத் தண்ணீர் நிரப்பும் இடங்களில் கூட்டம் கூடுவதற்குக்கூடத் தடை போட வேண்டியதாயிற்று. அப்போது, கிருஷ்ணா நதிநீர் கிடைக்கும் மீரஜிலிருந்து ரயிலில் தண்ணீர் அனுப்ப முடிவாயிற்று.

ராஜஸ்தானில் உள்ள கோட்டா பட்டறையில் தொட்டி வண்டிகள் நீராவியால் கழுவப்பட்டு மீரஜுக்கு வந்தன. ஒவ்வொன்றும் சுமார் 50,000 லிட்டர் கொள்ளும். ஏப்ரல் 11-ஆம் நாள் பத்துத் தொட்டிகளோடு முதல் ரயில் புறப்பட்டு, பண்டரிபுரம், குர்துவாடி வழியாக, 340 கிலோமீட்டருக்கும் மேல் ஓடி, மறுநாள் விடியற்காலையில் லாத்தூரை அடைந்தது. சில நாளில் ஐம்பது தொட்டிகள் கொண்ட ரயில் ஓடத் தொடங்கியது. ஒரு நடைக்கு 25 இலட்சம் லிட்டர்! மழை வந்து நிலைமை தேறும்வரை இது நடந்தது.

மீரஜ், பண்டரிபுரம், குர்துவாடி, லாத்தூர். இந்தப் பெயர்களை முன்பே படித்தீர்கள் அல்லவா? பருத்தியும் தானியமும் வெளியே போன அதே வழியில், நூறாண்டு கழித்துத் தண்ணீர் உள்ளே வந்தது.

பழைய குறும்பாதை அப்படியே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 25 இலட்சம் லிட்டர் நீரின் எடை 2,500 டன். அச்சுக்கு 5 டன் என்ற பழைய வரம்பில், பெட்டிக்கு 15 டன் ஏற்றினாலும் ஏறத்தாழ 167 பெட்டிகள் வேண்டும். கோட்டாவில் கழுவிய தொட்டி வண்டிகள் அந்தப் பாதையில் ஏறியே இருக்க முடியாது. நாடெங்கும் ஓடும் வண்டி லாத்தூருக்கும் ஓட முடிந்ததால்தான் சில நாளில் உதவி வந்தது.

அப்படியானால் கால்த்ராப் செய்தது தவறா? 1897-இல் கனமான பாதைதான் வேண்டும் என்று காத்திருந்தால், பார்சியின் வண்டி மாடுகள் இன்னும் பல ஆண்டுகள் கரிசல் சேற்றில் தவித்திருக்கும். இலேசான பாதை முதலில் போயிற்று, சந்தையை வளர்த்தது. வளர்ந்த ஊருக்குக் கனமான பாதை பின்னால் தேவைப்பட்டது. 5 டன் என்ற எண் அன்றைக்குச் சரி. இன்றைக்கு அது போதாது.

நீங்களும் ஒரு கணக்குப் போடலாம். ரயில் நிலைய நடைமேடையில் பாதுகாப்பாக நின்றபடி, நிற்கும் சரக்குப் பெட்டியின் பக்கச் சுவரைக் கவனியுங்கள். பெட்டியின் வெற்று எடையும், அது ஏற்றும் சரக்கின் எடையும் டன்னில் எழுதியிருக்கும். இரண்டையும் கூட்டுங்கள். சக்கர இணைகளை எண்ணி, அந்த எண்ணால் வகுங்கள். கிடைக்கும் விடையைக் கால்த்ராப்பின் 5 டன்னோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.